பூந்தொட்டி, அடியில் துளையில்லை

ஓல்ட்டன் ரயில் நிலையம்.
தொலைந்த பொருட்களின் அறையில்,
குடைகளுக்கு நடுவே, கழுத்தில் சீட்டுத் தொங்கக்
குந்தியிருந்தது என் கடம்.
"பூந்தொட்டி. பழுப்பு. அடியில் துளையில்லை."

வாத்தியம் என்றேன்.
பூர்க்கி கணினியில் தேடினார்:
தந்தியா? காற்றா? தோலா?

தோல் போர்த்தவில்லை ஐயா.
நரம்பில்லை. ஊதவும் முடியாது.
எங்கள் ஏடுகளே இதைத்
தாளத்தோடும் சேகண்டியோடும்
கஞ்சக்கருவி என்று ஒரே பாயில் படுக்கவைக்கும்.
வெண்கலம் ஒரு குன்றிமணி இல்லை,
சுட்ட மண்.

"உங்களுடையதென்று எப்படி நம்ப?"

சட்டையின் கீழ்ப் பொத்தான் இரண்டைக் கழற்றி
அதன் வாயை என் வயிற்றோடு அணைத்தேன்.
தகதகிட
தகதகிட
மோதிர விரலில் நேற்றைய வெட்டு.
ஒரு சொல் தவறியது.
அது கேட்டதுபோல் புருவம் உயர்த்தினார்.

பூந்தொட்டியை அழித்தார்.
"மற்றவை" என்று தட்டினார்.
பத்துப் பிராங்க்.

வாங்கிக் கவிழ்த்தபோது உள்ளிருந்து
ஒரு குழந்தையின் கம்பளிக் கையுறை விழுந்தது.
என்னுடையதல்ல.
அதற்குத் தனிச் சீட்டு எழுதினார்,
அவசரமில்லாமல்:
சிவப்பு. இடது. சோடி இல்லை.