பதினேழு சதவீதம்

ஒடுகத்தூரோடு டவர் முடிந்துவிடும்.
அதற்கு மேலே பீஞ்சமந்தை வரைக்கும்
போனிலிருந்து போனுக்குத் தாவித்தான் சேதி ஏறும்,
எதிரே யாராவது வந்தால்.

அன்றைக்கு ஜீப்பில் பதினோரு பேர்.
சட்டைப் பையில் ஊரார் சேதி நாற்பத்து மூன்று.
சார்ஜ் பதினேழு.
மூன்றாவது கொண்டை ஊசி வளைவில்
ஒரு கையால் ஸ்டியரிங், ஒரு கையால்
அத்தனையும் அழித்தேன்.
பூட்டின சேதிகள்; உள்ளே என்ன என்று
எனக்கும் தெரியாது.

இப்போது கிளட்ச் போய் நாலு நாள்.
மலையில் நானும் வண்டியும்.

பால்கேன் தீர்த்தம்மா போன் என்னுடையதை வாங்கவில்லை.
ரேஷன் கடை வெள்ளையன் போனும்.
"உம் பேருக்கு நேரா செவப்பா ஏதோ காட்டுதுண்ணே"
என்றாள், சிரிக்காமல்.

வாயால் சொல்லி அனுப்பலாம்தான்.
'வண்டியத் தூக்க வராதீங்க சார்,
பத்தாம் தேதி கட்டிடறேன்' என்பதை
எவன் வாயில் வைப்பது?
(தூக்க வந்தாலும் நகராது. அது வேறு.)

இன்று காலை, ஹாஸ்டலுக்கு இறங்குகிற ஒரு பெண்
கண்ணாடி உடைந்த போனை நீட்டினாள்.
பழசு, யார் கெட்டவன் என்று கணக்கு வைக்கத் தெரியாது.
வாங்கிக்கொண்டது.

அவள் சார்ஜைப் பார்த்தேன்.
ஒன்பது.
வழியில அழிச்சிடாதம்மா என்று
வாய் வரை வந்தது.