ஆறு நிமிடம் நாற்பது நொடி

அடுத்தவர் பேச்சை எழுதிப் பிழைக்கிறவள் நான்.
எல்டோரெட்டில் டயர் கடைக்கு மேலே அறை.
காதில் ஹெட்போன், காலடியில் கம்ப்ரசரின் அதிர்வு,
நிமிடத்துக்கு அரை டாலர்.
டப்ளினில் ஒரு குடியிருப்போர் சங்கம்
கார் நிறுத்துவதற்காக இரண்டு மணிநேரம் சண்டையிட்டதை
அங்கிருந்தவர்களைவிட நான் நன்றாக அறிவேன்.
இருமலுக்கு ஒரு அடைப்புக்குறி உண்டு.
மௌனத்துக்கும் உண்டு,
மூன்று நொடி தாண்டினால்.

தொழிலுக்கு வந்த முதல் வாரம்
‘மாதிரிக்கு’ என்று ஒருவன் நாற்பது நிமிடம் வாங்கிப் போனான்.
மாதிரியே முழுசு என்று
அவன் பெயர் மறைந்த பிறகு தெரிந்தது.
போகட்டும், அது என் தூக்கம் மட்டும்.

இவன் அப்படியில்லை.
வின்னிபெக்கில் இருப்பதாகச் சொன்னான், பெயர் காரிக்.
‘அந்தத் தளம் கமிஷன் பிடிக்கும் நெலிமா,
நாம் வெளியே பேசிக்கொள்வோமே’ என்றான்.
என் பெயரைச் சரியாக உச்சரித்தான்.
அதற்கே பாதி விழுந்துவிட்டேன்.

மூன்று மணிநேர ஒலி. நான்கு இரவுகள்.
தொண்ணூறு டாலர் வர வேண்டும்.
வந்தது ஒரு படம்:
பச்சை டிக், வங்கியின் முத்திரை, தொள்ளாயிரம்.
படத்துக்குப் பின்னாலேயே அழைப்பு.

‘கணக்காளர் கைதவறி ஒரு பூஜ்யம் கூடிவிட்டது.
மீதியை மெதுவாகத் தா.
இன்றைக்கு நூறு மட்டும் போதும்,
அவர் வேலை போய்விடும்.’

என் போனில் இரண்டு மாத வாடகை இருந்தது.
பாதி என்னுடையது, பாதி செப்கேமோயுடையது.
விரல் எண்களைத் தட்டத் தொடங்கிவிட்டது.
யாரோ ஒருவர் வேலை போகக் கூடாதல்லவா.

ஆனால் இன்னொரு கை, பழக்கதோஷம்,
அவன் பேசப் பேச எழுதிக்கொண்டிருந்தது.

*கணக்காளர் பெயர் என்ன?*
[மௌனம், ஐந்து நொடி]
[காகிதம் புரளும் ஓசை]
*அங்கே பனி பெய்கிறதா?*
‘ஆமாம், ரொம்ப.’
[மின்விசிறி]

‘யோசித்துச் சொல்கிறேன்’ என்று வைத்தேன்.
வைத்ததும், பதிவானதைப் பாதி வேகத்தில் ஓடவிட்டேன்.
ஒரு சொல் பிடிபடாதபோது செய்வதுதான்.
மூன்றாம் நிமிடத்தில், அவன் குரலுக்கு அடியில்,
அதே அறையின் வேறொரு மேசையிலிருந்து,
வேறொரு குரல், வேறொருவரிடம், அதே பதைப்போடு:

‘ஒரு பூஜ்யம் கூடிவிட்டது.’

அதற்கும் அடியில் இன்னொன்று.
அதை மட்டும் என்னால் பிரிக்க முடியவில்லை.
[தெளிவில்லை]

செப்கேமோய் மொபைல் பணக் கடையில் நிற்பவள்.
உகாலி கிளறியபடியே கேட்டாள்:
‘படம் கிடக்கட்டும். இருப்பு நகர்ந்ததா?’

பார்த்தேன்.
பதினாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு ஷில்லிங்.
நேற்றைய எண்.
நேற்றைக்கு முந்தின நாளின் எண்.
தொள்ளாயிரமும் இல்லை, தொண்ணூறும் இல்லை.
நகராத எண்ணைப் பார்த்து
அப்படி நான் எப்போதும் சிரித்ததில்லை.
பிறகு நான்கு இரவுகள் நினைவுக்கு வந்தன,
சிரிப்பு நின்றது.

மறுநாள் ஒரு பெண் வேலை கேட்டு எழுதினாள்.
தளத்துக்குள்ளேயே பேசலாம் என்றேன்,
பாதிப் பணம் அங்கே வந்து நிற்கட்டும், பிறகு தொடங்குகிறேன்.
தட்டும்போது முகம் சுட்டது, பிச்சை கேட்பதுபோல்.
‘சரி’ என்று ஒரே சொல்லில் பதில் வந்தது.
இவ்வளவுதானா?

காரிக் இன்னும் செய்தி அனுப்புகிறான்.
நேற்று ஒரு குரல்பதிவு, அழுதான்.
நான்கு முறை கேட்டும் முடிவு செய்ய முடியவில்லை,
அது [அழுகை]யா [சிரிப்பு]ஆ என்று.
அந்த மேசையைவிட்டு எழ
அவனுக்கு அனுமதி உண்டா என்றும் தெரியவில்லை.

கடைசியாக அவனுக்கு ஒரு பில் அனுப்பினேன்:
தொலைபேசி உரையாடல், எழுத்து வடிவம்,
பின்னணிக் குரல்கள் உட்பட.
ஆறு நிமிடம் நாற்பது நொடி.
மூன்று டாலர் முப்பத்து மூன்று சென்ட்.
முன்பணம் மட்டும்.