உறவு: அதர்ஸ்

ஸ்டான்லியில் எனக்கு நைட் ட்யூட்டி.
அட்மிஷன் கவுண்ட்டர், மூன்றாவது கம்ப்யூட்டர்,
என்டர் பட்டனை மட்டும் ரெண்டு தரம் குத்தணும்.

பேரைச் சொல்வார்கள், வயசைக் குத்துமதிப்பாகச் சொல்வார்கள்,
ஒரு கேள்வியில் மட்டும் தடுக்கி நிற்பார்கள்:
பேஷண்டுக்கு நீங்க யாரு?

எங்கள் பக்கத்தில் இங்கிலீஷ் வார்த்தைகள்
ஹார்பர் கன்டெய்னர் மாதிரி.
வெளியே எழுதியிருப்பது ஒன்று,
கொருக்குப்பேட்டையில் இறக்கும்போது சரக்கு வேறு.
ஃபாதர் என்றால் அப்பா இல்லை,
ராயபுரம் கோயிலில் பூசை வைப்பவர்.
பார்ட்டி என்றால் கேக் இல்லை,
காசு தராமல் இழுத்தடிக்கிறவன்.
ஃபேமிலி என்றால் பெண்டாட்டி. ஒருத்திதான்.
“ஃபேமிலி ஊருக்குப் போயிருக்கு சார்” என்பான் ஒருவன்,
நாலு பிள்ளைகள் அவன் லுங்கியைப் பிடித்து நிற்கும்.

போன மாசம், மழை விட்டிருந்த ஒரு ராத்திரி,
காசிமேட்டிலிருந்து வந்த ஷேர் ஆட்டோவில்
ரெண்டு பெண்கள் இறங்கினார்கள்.
ஒருத்தி வயிற்றைப் பிடித்து மடிந்திருந்தாள்.
இன்னொருத்தி அவள் இடுப்பில் ஒரு கை கொடுத்து,
மறுகையில் ரெண்டு பேர் செருப்பும் வைத்திருந்தாள்.

பேர்?
புனிதவல்லி.
வயசு?
“முப்பது கூட ஆவல.”
புருஷன் பேர்?
தேவநேசன்.
மூன்று பதிலும் செருப்பு வைத்திருந்தவள் சொன்னது.
கேட்காமலே ஸ்பெல்லிங்கும் சொன்னாள்:
“நடுவுல வி வரும்மா, டபிள்யூ இல்ல.
தப்பா போட்டுட்டு ரேஷன் கார்டுக்கு
நாலு வருசம் அலைஞ்சோம்.”

அலைஞ்சோம்.

அட்டெண்டர் ஐடி கேட்டேன்.
ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஆதார் வந்தது,
ஓரம் மடிந்து, வெதுவெதுவென்று.
ஜெசிந்தா மேரி.
டபிள்யூ பை ஓ, தேவநேசன்.
அதே வி.

நிமிர்ந்து பார்த்தேன்.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
சுவரில் டெங்கு நோட்டீஸ் இருந்தது,
பரீட்சைக்குப் படிப்பது போல் படித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஏரியாவில் இதற்கொரு வார்த்தை உண்டு,
செட்டப்.
பந்தலுக்கும் மைக்குக்கும் சொல்வது.
தண்ணி லாரி வரும் நேரத்தில்
குடத்து வரிசைக்கு மேலே பறந்துபோய்
ஒருத்தி முதுகில் விழும்.
புனிதவல்லி முதுகு எத்தனை வாங்கியிருக்குமோ.
அதில் எத்தனை
இந்தக் கையிலிருந்து போனதோ.

ஃபார்ம் காத்திருந்தது. திரும்பக் கேட்டேன்.
பேஷண்டுக்கு நீங்க யாரு?

வாயைத் திறந்தாள். மூடினாள்.
பெஞ்சில் மடிந்து கிடந்தவள்
“அக்கா, எவ்ளோ நேரம்” என்று முனகினாள்.

“சிஸ்டர்னு போடும்மா.”

பின்னால் பி.பி. மெஷினைத் தள்ளிக்கொண்டு போன நர்ஸ்
நின்று திரும்பி, “யாரு கூப்ட்டது?” என்றார்.
நான் சிரித்துவிட்டேன். ஜெசிந்தாவும்.
புனிதவல்லி பாதி சிரித்து, வலியில் விட்டாள்.

என் கம்ப்யூட்டரில் சிஸ்டர் கிடையாது.
ஃபாதர், மதர், ஸ்பௌஸ், சன், டாட்டர்,
அதற்குக் கீழே அதர்ஸ்.
உலகத்தில் மிச்சமிருக்கும் எல்லோரும் அதற்குள்தான்.
அதர்ஸ் போட்டேன்.
என்டர். இன்னொரு என்டர்.
பாஸில் அச்சாகி வந்தது: அட்டெண்டர் ஒருவர் மட்டும்.

அப்பெண்டிக்ஸ்தானாம். விடிவதற்குள் எடுத்துவிட்டார்கள்.

ட்யூட்டி முடிந்து நான் டீக்கு நின்றபோது
மணி ஆறே கால்.
கேட் பக்கத்தில் ஜெசிந்தா, போனில் கத்திக்கொண்டு.
தூத்துக்குடியில் லோடு இறக்குகிற ஆளுக்குக் கேட்க வேண்டுமே.

“பயப்படாத. உன் ஃபேமிலிக்கு ஒண்ணும் இல்ல.
தூங்குது.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
டீ ஆற்றுகிறவர் ரெண்டு தரம் ஆற்றி முடித்தார்.

“இன்னா, லைன்ல கீறியா?” என்றாள்.
“பெரியவன் ஸ்கூல் ஃபீஸ்லேர்ந்துதான் எடுத்தேன்,
ஆட்டோக்கு முந்நூறு.
இன்னிக்கே போட்டு வுடு.”