முறைப் பாசனம்

மன்னார்குடியில் வெளியே நாற்பத்தொன்று.
உள்ளே பதினெட்டு.
ரிமோட் மேனேஜரின் இழுப்பறையில்,
லாக்கர் சாவிக்குப் பக்கத்தில்.
என் நாற்காலிக்கு நேர் மேலே ஏசியின் வாய்.
ஒன்பதரைக்கு அது திறக்கும்,
என் மூக்கு மூடிக்கொள்ளும்.

முதல் தும்மலுக்கு
"நூறாயுசு" என்பார் வாசல் காவல் வைரக்கண்ணு.
ஏழு தும்மலையும் எண்ணி
எழுநூறு என்று முடிப்பார்.
அத்தனை வருஷம் இந்த நாற்காலியிலா அண்ணே?

பதினொரு மணிக்குள் புருவத்துக்கு நடுவே
ஈரச் செங்கல் ஒன்று வந்து உட்கார்ந்துவிடும்.
உரைகல்லின் மேல் குனிந்தால்
முன்னால் சரியும்.
வலி கன்னத்தில் இறங்கிப் பல்லுக்குப் போகும்.
போன கோடையில்
ஒரு நல்ல கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்,
அறுநூறு ரூபாய் கொடுத்து.

காலையில் இடது பக்கம் மூச்சு ஓடும்,
மதியத்துக்கு மேல் வலது.
ஆறு நாள் திறப்பு, ஆறு நாள் அடைப்பு என்று
ஆற்றுக்கு வைக்கிற முறையை
என் முகத்துக்கும் யாரோ வைத்திருக்கிறார்கள்.
கடைமடை எது என்பதுதான் தெரியவில்லை.
காதா,
வாசனை போய்ச் சேர வேண்டிய அந்த இடமா.

தஞ்சாவூர் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.
"ஏசியில உக்காராதீங்க."
ஏசியிலதான் டாக்டர் சம்பளம்.
சிரித்தார்.
அவர் அறையிலும் பதினெட்டுதான்.

அடகு வைக்க வருகிறவர்களுக்கு
இது வேறு ஊர்.
கதவைத் தள்ளியதும் "அப்பாடா" என்று
காலரைப் பின்னுக்கு இழுத்து விட்டுக்கொள்வார்கள்.
நகையைத் தருமுன் கொஞ்சம் குளிரை வாங்கிக்கொள்வார்கள்.
பணம் கைக்கு வந்தபின்னும்
மூன்றாம் முறை எண்ணுவதுபோல
ஐந்து நிமிஷம்.
அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு
எப்படிச் சொல்வேன், அணையுங்கள் என்று.

பதினோரு வருஷமாய் மதிப்பீட்டாளர்.
தேய்ப்பேன், அமிலம் ஒரு சொட்டு விடுவேன்,
தண்ணீரில் நிறுத்துப் பார்ப்பேன்.
பதிவேட்டில் எழுத முடியாத இன்னொன்றும் செய்வேன்:
யாரும் பார்க்காதபோது மோந்து பார்ப்பேன்.
அந்துருண்டை என்றால் பீரோவில் கிடந்தது.
மஞ்சள் என்றால்
இன்று காலை குளிக்கும்வரை கழுத்தில் இருந்தது.
இரண்டு கோடையாய் எல்லாம் ஒரே தகடு.
கிராம், மில்லிகிராம்.

நேற்று மேல ராஜவீதி டிரான்ஸ்பார்மர்
பெரிய சத்தத்தோடு போனது.
ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
எதிரே தையல்நாயகி, பெருகவாழ்ந்தான்.
"பன்னெண்டாந்தேதி தண்ணி தொறக்குறாங்களாம்" என்றாள்.
"எங்கூருக்கு எப்ப வருமோ.
வெதைய வாங்கி வச்சிருவோம்னு."
தாலி புது மஞ்சள் கயிற்றுக்கு மாறியிருந்தது.
கொடி என் கையில். இரண்டே கால் பவுன்.

சுவரிலிருந்து வெக்கை வந்தது.
முதுகில் வியர்வை ஓடியது.
தலைக்குள் எங்கேயோ
மதகுப் பலகை இரண்டு அங்குலம் தூக்கியதுபோல்
ஒரு சத்தம்.
செங்கல் கரைந்தது.
இரண்டு வாய்க்காலிலும் ஒரே நேரத்தில் மூச்சு.

முதலில் வந்தது அமிலம்.
பிறகு மேனேஜர் டிபன் பாக்ஸின் வாழைக்காய் வறுவல்.
பிறகு கொடி.
மஞ்சள். தேங்காயெண்ணெய். வியர்வை.
எல்லாவற்றுக்கும் அடியில்
லேசாய்ப் புளித்த பால்.
வளையங்களுக்கு நடுவே
எச்சில் காய்ந்த ஓர் இடம்,
பல் முளைக்கிற யாரோ வைத்துச் சப்பியது.

அழுக்குக் கழிவு என்று
ஒவ்வொரு கொடியிலும் நான் கழிக்கிற இருநூறு மில்லி
இதுதான்.
இவ்வளவு நாளும்
எடையிலிருந்து எடுத்துவிட்டு எழுதியது இதைத்தான்.

நூறு என்று போட்டேன்.
ஆடிட்டில் கேட்டால்
சளி, சார், சரியாகத் தெரியவில்லை என்று சொல்லலாம்.

உறையை ஒட்டி அரக்கு வைக்கும்போது கரண்ட் வந்தது.
மேலே அந்த வாய்
ஒரு கீச்சலோடு திறந்தது.
தையல்நாயகி கண்ணை மூடி
முகத்தை மேலே தூக்கினாள்.
"அம்மாடி. செத்த உக்காந்துட்டுப் போறேன்க்கா."

உக்காருங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன்.
தும்மல் முந்திக்கொண்டது.

"நூறு" என்றார் வைரக்கண்ணு.