பதிவேட்டில் இல்லாத கட்டம்

இப்ரி தாண்டி முப்பது கிலோமீட்டர்.
அணை இருக்கிறது; அது தடுக்க வேண்டியது இல்லை.
வெடித்த வண்டல்மேல் யாரோ பைக் ஓட்டிய தடம்.

காலை ஏழு மணிக்கு,
நாலடி அகலத் தட்டில் நிற்கும் நீர்
நேற்றிலிருந்து எவ்வளவு இறங்கியது என்று பார்ப்பேன்.
இறங்கிய அளவுக்கு ஊற்றுவேன். அதுதான் வேலை.
பதிவேட்டில் இரண்டு கட்டம்:
ஆவி. மழை.
மழையில் இருபத்திரண்டு மாதமாகச் சுழி.
சுழி போட்டுப் போட்டு
என் கையெழுத்தே உருண்டையாகிவிட்டது.

ஊற்றுகிற தண்ணீர் சோஹாரில் கடலாக இருந்தது.
உப்பை உரித்து, குழாயில் மலையேற்றி,
கல்ஃபானின் லாரியில் குலுங்கி வந்து
என் வாளியில் விழுகிறது.
அந்திக்குள் வெயில் எடுத்துக்கொள்ளும்.
மேலே போனது எங்கே போகிறது என்றேன்.
"ஈரம் இருக்கும் ஊருக்கு" என்றான் கல்ஃபான்,
"பணம் போகும் இடத்துக்குத்தானே பணம் போகும்."

சும்மா சொல்லவில்லை அவன்.
ஜூலையில் ஒரு மாலை மழை இறங்கியதைப் பார்த்தோம்:
மலைக்கு மேலே சாம்பல் நிறத்தில் தொங்கிய நூல்கள்.
தரையிலிருந்து எழுந்து எதிர்கொள்ள
ஒரு மூச்சு ஈரமில்லை.
பாதி வழியில் காற்று குடித்துவிட்டது.
மழைமானியின் வாயில் ஒரு எறும்பு.

தட்டு பதினேழு இறங்கும், பதினெட்டு இறங்கும்.
செப்டம்பரில் ஒரு காலை, இருபத்தாறு.
மஸ்கட்டிலிருந்து தாரிணி மேடம்:
"ஒன்பது மில்லிமீட்டர் எங்கே போச்சு, அருமைநாயகம்?"
சூரியன் ஒரே இரவில் அவ்வளவு கெட்டுப்போகாது.

அன்றிரவு லாரிக்குள் விழித்திருந்தேன்.
வந்தது ஒரு கழுதை. சினை.
பிய்ந்த வலையை மூக்கால் ஒதுக்கி
நிறுத்தாமல், நிமிராமல்,
பத்து லிட்டர்.
கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பார்கள்;
இங்கே சுவரின் நீளம் ஒன்றரைக் கிலோமீட்டர்.

குடித்து முடித்துத் திரும்பி,
மழைமானிக்குப் பக்கத்தில் கால் அகட்டி நின்று
பெய்தது.
பெய்தது என்றுதானே சொல்கிறோம், இரண்டையும்.
மண்ணில் கறுப்பாக ஒரு வட்டம்.
விடியும்போது அதன் ஓரத்தில்
எங்கிருந்தோ மூன்று வண்டுகள்.

புது வலை வந்துவிட்டது.
கொட்டகையில் சுருட்டியபடியே கிடக்கிறது.
மேடத்திடம், பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்;
பொய்யில்லை.

ஆவி: பதினேழு.
ஒன்பதுக்குக் கட்டம் கிடையாது.
ஓரத்தில் பென்சிலால் 'கழுதை' என்று எழுதினேன்.
மழை: சிறிது யோசித்தேன்,
சுழிதான் போட்டேன்.