ஹோக்னிக்கு, என் நாற்காலியில் உட்காருமுன்

மடிக்கணினியின் கடவுச்சொல்
மேசைக்கடியில் ஒட்டியிருக்கிறது.
கூடாதென்று தெரியும்.
வந்ததும் மாற்றிவிடு.

நோடின் பதினெட்டாம் பதிப்பு போதும்.
புதியது வந்திருக்கும், வந்துகொண்டே இருக்கும்,
பின்னால் ஓடாதே.
நம் கட்டணப் பக்கத்தை எழுதியவன்
பதினெட்டோடு நின்றுவிட்டான்;
இப்போது ஆல்போர்க்கில் ரொட்டி சுடுகிறானாம்.

எதுவும் ஓடவில்லையென்றால்
நிறுவிய பொதிகளை முழுசாக அழி,
மறுபடி நிறுவு,
அதுவரை காபி குடி.
ஏன் சரியாகிறதென்று கேட்காதே.
நான் ஆறு வருடம் கேட்டேன்.

மூவாயிரமாவது போர்ட்டில் ஆள் இருப்பதாகச்
சில காலைகளில் திரை சொல்லும்.
யாருமில்லை.
நேற்று மூடாமல் வீட்டுக்குப் போன
நீதான் இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கிறாய்.
எழுப்பி அனுப்பும் கட்டளை
குறிப்புக் கோப்பில் நாலாவது வரி.

ரகசியச் சாவிகள் உள்ள கோப்பு
புள்ளியில் தொடங்கும், அதனால் கண்ணில் படாது.
ஜன்னலுக்கு வெளியே பார்,
மூடுபனி நாளில் நோல்சோய் தீவும்தான் படாது.
இல்லையென்றா அர்த்தம்?
அந்தக் கோப்பைக் களஞ்சியத்தில் ஏற்றிவிடாதே.
ஒருமுறை ஏற்றினேன்.
அந்த இரவைப் பற்றி மார்யுனைக் கேள்,
என்னைக் கேட்காதே.

தலைப்பகுதியின் முதல் வரி
எழுத்துக் குறியேற்றம்: யூடிஎஃப்-எட்டு.
அதற்கு மேலே எதையும் வைக்காதே.
தென்தீவின் பெயரில் ஓர் எழுத்து உண்டு,
குறுக்கே கோடு வாங்கிய டி.
நாம் யாரும் அதை உச்சரிப்பதில்லை,
பள்ளியில் அதை விட்டுவிட்டு
மதிப்பெண் இழந்திருக்கிறோம்.
முதல் வரி விடுபட்ட ஒரு திங்கட்கிழமை
வாயில் வராத அந்த எழுத்து
இரண்டு அந்நிய எழுத்தாக வெடித்து
ஆயிரக்கணக்கானோர் வாழும் தீவு
பயணச்சீட்டில் இல்லாத ஊரானது.
முதல் தொலைபேசி ஏழு மணிக்கு.
அந்தக் குரலில் கோபமில்லை.
"எங்களை எங்கே வைத்தீர்கள்?" என்றது.

நேரத்தை யூடிசியில் சேமி.
மார்ச்சின் கடைசி ஞாயிறு
ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே
ஒரு மணி நேரம் கிடையாது.
அந்தக் கிடையாத நேரத்தில் கிளம்பும்
சிறப்புக் கப்பல் ஒன்றுக்கு
பதினாலு இருக்கை விற்றிருக்கிறோம்.

பொத்தானை அழுத்தியதும் அதை உறையவைக்கும்
மூன்று வரிகள்:
அழகுபடுத்தாதே, சுருக்காதே.
பிப்ரவரிப் புயலில் இணையம் திக்கிய இரவு
சும்பாவிலிருந்து சாமல் என்றொருவர்
பதினோரு முறை அந்தப் பொத்தானை அழுத்தினார்.
மனைவி இங்கே மருத்துவமனையில்.
பக்கம் எதுவும் சொல்லவில்லை.
சொல்லாததை இல்லையென்று எடுத்துக்கொண்டு
மறுபடி, மறுபடி.
இங்கே வந்து இறங்கியதும்
பதினோரு சீட்டையும் அச்சிட்டு
கவுன்ட்டரில் வைத்தார்.
பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.
தொப்பியைக் கழற்றி,
"பத்துப் பேருக்கு இடமில்லாமல் பண்ணிவிட்டேன்" என்றார்.

அன்று மாலை எழுதியவை அந்த மூன்று வரிகள்.
பொத்தான் சாம்பலாகும்.
"கேட்டது, பொறுங்கள்" என்று வரும்.
மேலாளரிடம் காட்டாமல்
நான் ஏற்றிய ஒரே வாசகம்.

பெட்டியை நடுவில் நிறுத்தும் வழி
குறிப்பின் ஏழாம் பக்கத்தில்.
வெட்கப்படாதே, ஒவ்வொரு முறையும்
நானும் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

வெள்ளி மதியத்துக்குப் பின் எதையும் வெளியிடாதே.

கால அட்டவணைப் பக்கத்தின் அடியில்
நாற்பது மில்லிவினாடிக் காத்திருப்பு ஒன்று
காரணமில்லாமல் கிடக்கும்.
எழுதியது நான்தான்,
பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது.
எதற்கென்று தெரியவில்லை.
எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.
திருப்பி வைத்துவிட்டேன்.

குழந்தை நவம்பரில்.
பதினோரு மாதம் கழித்து வருவேன்,
அதற்குள் எல்லாவற்றையும் மாற்றியிருப்பாய், மாற்று.
பெயர் இன்னும் முடிவாகவில்லை,
ஆனால் கோடு வாங்கிய அந்த எழுத்து
அதில் இருக்கவேண்டுமென்கிறான் ரூனி.
அதனால் சொல்கிறேன்,
முதல் வரியைத் தொடாதே.

ரன்வா