சொல் அல்ல

ஜன்னல் இல்லாத அறை அது.
வாழ்நாளெல்லாம் ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்திய ஹெல்துர்
உள்ளே வந்ததும் நான்கு சுவரையும் ஒருமுறை பார்த்தார்,
திருடுபோன வீட்டைப் பார்ப்பதுபோல.

பிப்ரவரி. தார்த்து நகரம். மூன்றாம் மாடி.
பூட்ஸில் ஒட்டிய பனி உருகிக் கம்பளம் கறுத்தது.
கெர்ஸ்தி படிவத்தை நீட்டினாள்:
எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம்,
காரணம் சொல்ல வேண்டியதில்லை,
பெயர் எங்கும் வராது.
கையெழுத்திட்டார். இருபத்து மூன்று ஆனார்.

திரை நடுவில் சிறு கூட்டல் குறி. அதையே பாருங்கள்.
அது மறையும். எழுத்துகள் வரும்.
சொல் என்றால் பச்சை. சொல் அல்ல என்றால் சிவப்பு.
வேகமாக, ஆனால் தவறில்லாமல்.
(அந்த 'ஆனால்'-இல்தான் எங்கள் துறையே குடியிருக்கிறது
என்பாள் அவள், வேறொரு நாள், பீர் நுரையை ஊதியபடி.)

ஒற்றைப்படை எண்காரர்களுக்குப் பச்சை வலக்கையில்,
இரட்டைப்படைக்கு இடக்கையில்.
கையின் குணம் சொல்லின் கணக்கில் கலந்துவிடக் கூடாதல்லவா.
அவர் வலது ஆள்காட்டி விரலுக்கு நுனி இல்லை.
கண்ணாடி அதை எடுத்துக்கொண்டு முப்பது வருடம்.
குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். எழுதத்தான் முடியும்.

ரொட்டி. பச்சை. எழுநூற்றுப் பத்து மில்லிசெகண்ட்.
தாப்ரிஸ். சிவப்பு. எழுநூற்று நாற்பது.
ஏணி. பச்சை. அறுநூற்றுத் தொண்ணூறு.
உம்மிர்.

உம்மிர்

கணினி பிசைந்து செய்தது.
எஸ்தோனிய நாக்குக்குப் பழகிய ஒலிகளைக் கலைத்துப் போட்டு,
எந்த அகராதியிலும் இல்லை என்று இருமுறை பார்த்து,
முதல் ஆள் வருமுன்பே
பட்டியலுக்கு முத்திரை வைத்தாயிற்று.

பச்சை.
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு.

"அந்த ஒன்று" என்றார் முடிந்த பிறகு,
கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்து நின்று,
"ராத்திரியில் ஃபிரிட்ஜ் முனகுமே, அதற்கு என் மகள் வைத்த பேர்.
ரெண்டு வயசு. உம்மிர் இன்னும் தூங்கலையா என்பாள்.
உம்மிருக்கு வேலை இருக்கு என்பேன்.
இப்போது ஓலுவில் பல் டாக்டர். அவளுக்கு ஞாபகம் இருக்காது.
எத்தனை பேர் சொன்னால் சொல் ஆகும், உங்கள் கணக்கில்?"

கெர்ஸ்தியிடம் இருந்தது
பத்து யூரோ பரிசுச்சீட்டு. கொடுத்தாள்.

மாலையில் கழித்துப் பார்த்தாள்.
அதே விரல், மற்ற சொற்களுக்கு எழுநூறுக்குப் பக்கம்.
ஆக, விரல் குற்றவாளி அல்ல.
மீதி இரண்டாயிரத்து இருநூற்றுச் சொச்சம்.
நூற்றைம்பது வருடமாய்க் கழித்துக் கழித்தே
மனத்தை அளந்துவந்த துறை இது;
மிச்சத்துக்கு ஒரு பெயர் வைத்துவிடும் வழக்கமாக.
இரண்டு விநாடி.
இரண்டு வயதுக் கால்கள் கட்டிலிலிருந்து இறங்கக்கூடப் போதாது.

விதிப்படி அது இரண்டு முறை வெளியே:
தவறான விடை, வரம்பு மீறிய நேரம்.
நீக்கினாள்.
கதை கேட்டு இளகினால் அது விதியா?
கட்டுரையில் ஒரு வரி வரும், அதுவும் தசமப் புள்ளியோடு.

இருபத்து நான்கு ஒரு மாணவி, மூக்கில் வளையம்.
உம்மிர். சிவப்பு. ஐந்நூற்றுத் தொண்ணூறு. சரி.
தடுப்புக்குப் பின்னால் கெர்ஸ்தியின் பேனா நின்றது.
இருபத்தைந்துக்கு, அது வரப்போகிறது என்று தெரிந்து
ஒரு மூச்சை உள்ளே இழுத்துவிட்டாள்.
நாற்காலியில் இருந்தவன் லேசாகத் திரும்பினான்.

அன்றே தாவெத்தைக் கூப்பிட்டாள்.
"இனி நீ உட்கார்."
"ஏன்?"
"சொன்னால் உன்னாலும் உட்கார முடியாது."

கதவு சாத்தியது. சிவப்பு விளக்கு எரிந்தது.
நடைபாதைக் கோடியில், இருட்டான காப்பி அறையில்,
உம்மிருக்கு இன்னும் வேலை இருந்தது.